சப்பென்ற சாப்பாடு என்று சொல்வதற்கு முன்

வரும் செப்டம்பரில் அயர்லாந்துக்குப் படிக்க வரவிருக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். சாம்பார்ப்பொடி மூன்று கிலோ, புளி இரண்டு கிலோ, ஐந்து லிட்டர் குக்கர், கிரிக்கெட் மட்டை ஒன்று. அதன் கீழே, "அண்ணே, அங்க சாப்பாடு சப்புன்னு இருக்குமாமே, விளையாட்டும் நமக்குத் தெரிஞ்சது எதுவும் கிடையாதாமே, நெசமா?" என்று கேட்டிருந்தான். இதை அவனுக்குச் சொன்னது யார் என்று விசாரித்தால், அது நான்தான். 2024 கடைசியில் ஊரில் இருந்த நண்பர்கள் அனைவருக்கும் நான் அனுப்பிய குரல் பதிவுகளில் திரும்பத் திரும்ப இதைத்தான் புலம்பியிருக்கிறேன். எல்லோருக்கும் சொன்னதை எல்லோர் முன்னிலையிலும் திருத்திக்கொள்வதுதான் முறை என்பதால் இந்தப் பதிவு.

நான் அயர்லாந்தின் கார்க் நகரில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு வந்தவன். முதல் நான்கு மாதங்களும் ஐந்து தமிழ்ப் பையன்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில், முறைவைத்துச் சமைத்த சோற்றையும் ரசத்தையும் தின்றுகொண்டு, கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு கழிந்தன. மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்த 20 மணி நேரத்தை ஒரு பப்பின் சமையலறையில் பாத்திரம் கழுவியும் உருளைக்கிழங்கு உரித்தும் செலவிட்டேன். ஒரே தட்டில் மசித்த உருளைக்கிழங்கு ஒரு கரண்டி, அடுப்பில் வாட்டியது நான்கு துண்டு, போதாதென்று ஓரத்தில் சிப்ஸ் என்று மூன்று வடிவத்தில் கிழங்கு போவதைப் பார்த்து நாங்கள் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். சாதத்தோடு இட்லியும் இடியாப்பமும் சேர்த்துத் தின்பவர்கள் நாங்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சமையலறையில் முப்பது வருடமாக வேலை செய்யும் ஓர் அம்மா இருந்தார். டிசம்பரில் ஒரு நாள், நான் கொண்டுபோன டப்பாவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். ஆட்டுக்குடல் குழம்பு. இன்னதென்று தெரிந்ததும் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்த எனக்கு அன்று ஒரு பாடம் கிடைத்தது. அவர் இன்னும் அருகில் வந்து, "இதை நீங்களும் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் என்னை நகரின் நடுவில் உள்ள இங்கிலீஷ் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனார். 1788 முதல் நடக்கும் கூரைச் சந்தை அது. ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டின் இரைப்பை வெள்ளைத் துவாலையைப் போல மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பழுப்பு நிறத்தில், விரல் பட்டால் நடுங்கும் குழாய் போல ஒன்று. மாட்டு இரத்தமும் ஆட்டு இரத்தமும் சேர்த்துக் குடலுக்குள் அடைத்து வேகவைத்தது, பெயர் திரிஷீன். கார்க்கை விட்டுத் தள்ளிப்போனால் அயர்லாந்துக்காரர்களே பலர் இதைத் தொடமாட்டார்கள். இரத்தப் பொரியலும் குடல் கறியும் தின்று வளர்ந்த நான், உலகத்தின் இந்தக் கோடியில் அதே இரண்டையும் ஒரே கடையில் பார்த்தபோது என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

சமைத்துத் தந்ததும் அவர்தான். இரைப்பையைப் பாலிலும் வெங்காயத்திலும் மணிக்கணக்கில் வேகவைத்து, வெள்ளை மிளகைத் தூவியிருந்தார். நம்மூரில் மஞ்சளும் மிளகாயும் அரைத்துப் போட்டு அடக்கும் வாடை அங்கே பாலுக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. பிடித்ததா என்றால், இல்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் பிடித்தது. சுவை என்பது முதல் கவளத்தில் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடிய வழக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதே கிறிஸ்துமஸில் தின்ற இன்னொன்றைப் பற்றி எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை. உப்பும் வெடியுப்பும் தடவிப் பல நாள் ஊறவைத்து, கிராம்பு, பட்டை, கருமிளகு ஏற்றிய மாட்டிறைச்சி. கார்க்கில் கிறிஸ்துமஸ் என்றால் அது மேசையில் இருக்க வேண்டும். (எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புழங்குவதில்லை. நான் தின்றதை அம்மாவிடம் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படிப்பார் என்பதால் இப்போது தெரிந்துவிட்டது.) ஒரு காலத்தில் உப்பிட்ட இறைச்சியையும் வெண்ணெயையும் கப்பல் கப்பலாக வெளியே அனுப்பிய துறைமுகம் கார்க். இந்த ஊரின் வெண்ணெய்ச் சந்தைதான் ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரியது. இன்றும் ஷாண்டன் பகுதியில் வெண்ணெய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. சரக்கு ஏற்றிப் போன ஊருக்கு மசாலா வந்திறங்கியதில் அதிசயமில்லை. கிராம்பும் மிளகும் கடல் கடந்து இந்த ஊர் இறைச்சிக்குள் ஏறியது எனக்கு முன்பே பல தலைமுறைகளுக்கு முந்தி நடந்துவிட்டது. இவர்களுக்கு மசாலா தெரியாது என்று சிரித்தது தப்பு. எதற்கு, எந்த நாளில், எவ்வளவு என்பதில்தான் அவர்கள் கணக்கு வேறு.

கிழங்கைப் பற்றிய கேலியையும் நிறுத்திக்கொண்டேன். 1845இல் தொடங்கிய கருகல் நோயில் கிழங்கு அழுகி, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்து, அதே அளவு பேர் கப்பலேறிய நாடு இது. அந்த வருடங்களிலும் தானியமும் வெண்ணெயும் இங்கிருந்து வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. தட்டில் கிழங்கை மிச்சம் வைத்த ஒரு சின்னப் பையனை அந்த அம்மா பார்த்த பார்வை, சோற்றைச் சிந்தினால் எங்கள் அப்பத்தா பார்க்கும் பார்வையேதான். சோடா ரொட்டி ஒன்றுக்கு மட்டும் எந்தப் பழக்கமும் தேவைப்படவில்லை. மோரையும் ஆப்பசோடாவையும் கோதுமை மாவில் சேர்த்து, ஈஸ்ட் இல்லாமல், மேலே சிலுவைக் கீறல் போட்டுச் சுடும் ரொட்டி அது. புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்கும் வாசனை, ஆப்பம் சுடும் வீட்டில் வளர்ந்த எவனுக்கும் தெரிந்ததுதான்.

இனி விளையாட்டு. நான் கோவில்பட்டிக்காரன், எங்கள் ஊரில் கடலைமிட்டாய்க்கு அடுத்தபடி பேர் சொல்வது ஹாக்கி. பள்ளியில் ஆறு வருடம் ஆடியவன் என்ற தைரியத்தில், ஒரு கிளப்பில் புதியவர்களுக்கென்று செவ்வாய் மாலைகளில் நடக்கும் ஹர்லிங் (அயர்லாந்துக்காரர்களின் மட்டைப்பந்து ஆட்டம்) பயிற்சிக்கு ஜனவரிக் குளிரில் போய் நின்றேன். ஹர்லி என்கிற மட்டையைக் கையில் தந்தார்கள். ஆஷ் மரத்தின் வேர்ப்பக்கம் வளையும் அடித்துண்டில் செதுக்குவது; மரத்தின் ரேகை மட்டையோடு சேர்ந்தே வளைந்து ஓடும். 2012 முதல் ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்துக்கொண்டிருப்பதால் இப்போது மூங்கிலிலும் செய்கிறார்கள்.

ஹாக்கியில் இடதுகை மேலே, வலதுகை கீழே. இங்கே வலதுகை மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் இடதுகை எந்த நொடியும் மட்டையை விட்டுவிட்டுப் பறந்து வரும் பந்தைப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆறு வருடப் பழக்கம் முழுதும் தலைகீழ். ஹாக்கியில் மட்டையின் ஒரு பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம், மட்டையை ஆள்மேல் ஓங்கினால் விசில் ஊதுவார்கள். இங்கே இரண்டு பக்கமும் சொந்தம், பந்து தலைக்கு மேலேதான் அதிக நேரம் இருக்கிறது. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் கிளப்பித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்குமேல் போகக் கூடாது. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. முதல் மாலையில் நான் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து என் நடுவிரல் நகத்தைப் பெயர்த்துவிட்டுப் போனது. பயிற்சியாளர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "தலையைத் தூக்கு, பை" என்றார். 'பாய்' என்ற ஆங்கிலச் சொல்லை 'பை' என்று ஒலித்து வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் ஒட்டுவது கார்க் வழக்கம். வயது, தராதரம் எதுவும் பார்க்காத அந்தப் 'பை' என் காதில் விழுந்த மாத்திரத்தில் எங்கள் ஊர் 'லே'யாகவே ஒலித்தது. இந்த நாட்டில் என்னை விருந்தாளியாக நினைக்காமல் யாரோ அதட்டியது அதுதான் முதல் தடவை.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மாணவர்களை ஊரோடு சேர்ப்பது என்றால், ஆண்டுக்கொரு முறை பன்னாட்டு உணவுத் திருவிழா வைத்து எங்களைச் சமோசா பொரிக்கச் சொல்வது என்றுதான் பல இடங்களிலும் நினைக்கிறார்கள். நானும் ஒரு மாலை முழுக்க வேட்டி கட்டிக்கொண்டு சமோசா விற்றிருக்கிறேன். சமோசா எங்கள் வீட்டில் யாரும் செய்ததே இல்லை. வாங்கித் தின்றவர்கள் அனைவரும் அருமை என்றார்கள், பெயரைக் கேட்டார்கள், போய்விட்டார்கள். மழையில் நனைந்த மைதானத்தில் பந்தைத் தவறவிட்டு வாங்கிய வசவிலிருந்து கிடைத்த உறவு அந்த மேசையில் கிடைக்கவில்லை.

ஹர்லிங்கில் என்னை ஈர்த்த இன்னொன்று, அதில் ஆடும் யாருக்கும் சம்பளம் கிடையாது என்பது. 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்ற சிற்றூரின் விடுதி ஒன்றில் கூடிய சிலர் தொடங்கிய ஜி.ஏ.ஏ. (கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன்) என்னும் சங்கம்தான் இன்றும் இதை நடத்துகிறது. எண்பதாயிரம் பேர் முன்னிலையில் டப்ளின் குரோக் பார்க்கில் இறுதியாட்டம் ஆடுகிறவர் மறுநாளோ அதற்கு மறுநாளோ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போவார், அல்லது பண்ணையில் மாட்டைப் பார்க்கப் போவார். எந்த ஊரில் வளர்ந்தாரோ அந்த ஊர்க் கிளப்புக்கும் அந்தக் கவுண்டிக்கும்தான் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெரும்பாலும் ஆடுவார். ஏலத்தில் எடுத்த வீரர் அடுத்த வருடம் எந்தச் சட்டையில் வருவார் என்று தெரியாமலே கைதட்டிப் பழகிய எனக்கு இது புரியவே சில மாதம் பிடித்தது. கார்க்கின் ஜாக் லிஞ்ச் 1941 முதல் 1946 வரை தொடர்ந்து ஆறு ஆண்டு அகில அயர்லாந்துப் பதக்கம் வாங்கிவிட்டு, பிற்பாடு நாட்டின் பிரதமரே ஆனார். அப்படிப்பட்ட கார்க் கடைசியாகக் கோப்பை வாங்கியது 2005இல். 2024 இறுதியாட்டத்தில் கூடுதல் நேரம் வரை போய் ஒரே புள்ளியில் கிளேர் கவுண்டியிடம் தோற்ற கதையை, நான் வந்திறங்கிய வாரத்தில் டாக்சி ஓட்டியவர் முதல் வங்கிக் கணக்குத் திறந்தவர் வரை எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

2025 ஜூலை 20, அந்த வருட இறுதியாட்டம். கார்க்குக்கு எதிரே டிப்பரெரி கவுண்டி. டிக்கெட் கிளப்புகள் வழியாகப் பங்கிடப்படும். என்னைப் போன்றவனுக்கு வாய்ப்பே இல்லை. கிளப் கூடத்துத் திரையின் முன்னே, சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில் நானும் ஓர் இரவல் சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் கார்க் 1-16, டிப்பரெரி 0-13 (முன்னது மூன்று புள்ளி வலை, பின்னது ஒற்றைப் புள்ளிகள்). ஆறு புள்ளி முன்னிலை. ஹாம் வைத்த சாண்ட்விச்சும் பால் கலந்த கடுந்தேநீரும் சுற்றி வந்தன. இருபது வருடக் காத்திருப்பு முடியப் போகிறது என்று ஒருவர் வாயைத் திறந்ததும், பக்கத்தில் இருந்தவர் அவரை அடக்கினார். இரண்டாம் பாதியில் டிப்பரெரி 3-14 அடித்தது. கார்க் அடித்தது இரண்டே புள்ளி. முடிவு 3-27க்கு 1-18. பதினைந்து புள்ளி வித்தியாசம். எங்கே உடைந்தது என்று அந்தக் கூடத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. திட்டவும் இல்லை, திரையை அணைக்கவும் இல்லை. கோப்பை எதிராளி கைக்குப் போவதை நின்று பார்த்துவிட்டு, ஒருவர் கெண்டியில் மறுபடி தண்ணீர் வைத்தார். மூன்று வாரம் கழித்து நடந்த பெண்கள் ஆடும் ஹர்லிங்கான கமோகியின் இறுதியாட்டத்திலும் கார்க் ஒரு புள்ளியில் கால்வேயிடம் தோற்றது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அந்தப் பெண்கள்தான் சாம்பியன்கள் என்பதை இந்தச் சோகத்தில் பலரும் மறந்தது எனக்கு ஒரு தனி ஆற்றாமை.

இந்தக் கதையை இங்கேயே இனிப்பாக முடித்துவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். இறுதியாட்டத்துக்கு முந்தின நாள்தான் டப்ளினின் டாலா பகுதியில் இந்தியர் ஒருவரைக் கும்பல் ஒன்று கொடூரமாகத் தாக்கியது. அடுத்த வாரங்களில் வேறு தாக்குதல்களும் நடந்தன. கவனமாக இருக்கும்படி இந்தியத் தூதரகம் அறிவிப்பு வெளியிட்டது. ஆகஸ்டில் டப்ளினில் நடக்கவிருந்த இந்திய தின விழா தள்ளிவைக்கப்பட்டது. வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு அழைப்பு வந்தது. நான் செவ்வாய்ப் பயிற்சிக்கு இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாம் வாரம் போனபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சி முடிந்ததும், எனக்கு எதிர்த்திசையில் வீடுள்ள ஒருவர், "வண்டியில் ஏறு" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அக்டோபர் வரை யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதனால் அந்த நாட்டில் வெறுப்பு இல்லை என்றாகிவிடாது. உருளைக்கிழங்கு தின்று ஹர்லி பிடித்தால் உன்னை யாரும் அடிக்கமாட்டார்கள் என்று தம்பிக்கு நான் வாக்குக் கொடுக்கவும் முடியாது. ஊர்க்காரர்களோடு பழகாததுதான் தாக்குதலுக்குக் காரணம் என்று அப்போது சில தமிழர்களே எழுதினார்கள். அதைப் போன்ற அபத்தம் வேறில்லை. அடிபட்டவன் என்ன தின்றான் என்று அடிப்பவன் விசாரிப்பதில்லை.

ஆகவே தம்பிக்கு அனுப்பிய பதிலை இங்கேயும் போடுகிறேன். குக்கர் கொண்டுவா. சாம்பார்ப்பொடி ஒரு கிலோ போதும், கடையில் கிடைக்கும். கிரிக்கெட் மட்டை வேண்டாம், கார்க்கில் கிரிக்கெட் கிளப் இருக்கிறது, அவர்களிடமே இருக்கும். மிச்சமாகும் இடத்தில் கடலைமிட்டாய் வை. ஆனால் கிளப்பில் அதைப் பிரிப்பதற்கு முன் கேட்டுக்கொள். போன தடவை நான் நீட்டியபோது, நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பதறி, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, பெரியவர்கள் மட்டும் ஒளிந்து ஒளிந்து தின்று தீர்த்தார்கள். பால்கோவாவைக் கட்டிக்கொண்டு வராதே, பால் பண்டத்தை இங்கே உள்ளே விடமாட்டார்கள். ஹெல்மெட் கிளப்பிலேயே தருவார்கள். நடுவிரலை மட்டும் பார்த்துக்கொள், எனக்கு நகம் இன்னும் நேராக வளரவில்லை.