சம்பளக் கணக்கு போட்ட முதல் கம்ப்யூட்டர் அமெரிக்காவுடையதா?

1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிய யூனிவாக்தான் உலகிலேயே முதன்முதலாக அலுவலகக் கணக்கு போட்ட கம்ப்யூட்டர் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அமெரிக்காவுக்குள் மட்டும் என்றால், சரி, ஒப்புக்கொள்ளலாம்.

அதற்கு மூன்று வருடம் முன்பே, 1951 நவம்பரில், லண்டனில் டீக்கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி (ஆமாம், டீயும் கேக்கும் விற்றவர்கள்தான்!) கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் என்ற கம்ப்யூட்டரைப் பார்த்துத் தானே கட்டிய லியோ என்ற கம்ப்யூட்டரில், ரொட்டி, கேக் வகைகளின் அடக்கவிலைக் கணக்கை வாராவாரம் போட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் சம்பளக் கணக்கும் வந்தது. தேர்ந்த குமாஸ்தாவுக்கு ஓர் ஆளுக்கு 8 நிமிடம் பிடித்த வேலையை லியோ ஒன்றரை நொடியில் முடித்தது. எட்சாக் கட்டவே லயன்ஸ் 3,000 பவுண்டு கொடுத்திருந்தது.