சர்வர் நிர்வாகிக்கு ஃப்ரீலான்ஸ் வேலை உள்ளூரிலேயே இருக்கிறது

லினக்ஸ் சர்வர் நிர்வாகத்தை, அதாவது நிறுவனங்களின் மையக் கம்ப்யூட்டர்களை விழாமல் ஓட்டிப் பராமரிக்கிற வேலையை மட்டும் நம்பி, எந்தக் கம்பெனியிலும் சேராமல், சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டே கௌரவமாகச் சம்பாதிக்க முடியுமா? முடியும். நான் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறேன். இதே ஆசையோடு என்னிடம் வருகிற தம்பி தங்கைகளுக்குத் திறமை குறைவில்லை. வேலை தேடுகிற இடம்தான் தப்பு. வெளிநாட்டு ஃப்ரீலான்ஸ் தளங்களில் ராத்திரி பகலாக ஏலம் கேட்கிறார்கள். வேலையோ, அவர்கள் படித்த கல்லூரியின் நூலகத்தில் மேஜைக்கு அடியில் தூசி படிந்த சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தளங்களை நான் குறை சொல்லவில்லை. லோகோ வரைகிறவருக்கும் வெப்சைட் செய்கிறவருக்கும் அவை சரிப்பட்டு வரும். செய்ததைப் படமாகக் காட்டலாம், பார்த்தவுடன் பிடித்துப்போகும். நம் வேலை அப்படியா? ஒரு சர்வர் வருஷம் முழுக்க விழாமல் ஓடியது என்பதற்கு என்ன படம் போடுவது? அதனால் விலையைக் குறைத்துத்தான் மோத வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கே காசு வாங்குகிற தளங்களும் உண்டு. எல்லாம் தாண்டிக் கிடைத்தாலும், பெரும்பாலும் யாரோ கெடுத்து வைத்ததை இரவோடு இரவாகச் சரிசெய்து கொடுக்கிற ஒருநாள் வேலை. மறுநாள் அவர் யாரோ, நாம் யாரோ.

அதைவிடப் பெரிய தடை ரூட் பாஸ்வேர்ட், அதாவது சர்வரில் எதையும் செய்ய விடுகிற முழு அதிகாரச் சாவி. முகம் தெரியாத ஆளிடம் அதைக் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. வரவும் கூடாது. லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படுகிற எக்ஸ்இசட் மென்பொருளில் நடந்து 2024 மார்ச்சில் வெளிவந்த விவகாரம் நினைவிருக்கலாம். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பாளர் பொறுப்பு வரை வந்து, கடைசியில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே புகுவதற்கு ஒரு பின்வாசலைச் செருகிவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர், லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று நோண்டிப் பார்த்ததால் அது பிடிபட்டது. இவ்வளவு நடந்த பிறகு ஒரு தாளாளரோ முதலாளியோ நம்மைக் கண்டு தயங்கினால் அதில் கோபப்பட எதுவுமில்லை. அந்தப் பயத்துக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். நான் ரூட் பாஸ்வேர்டைக் கேட்பதே இல்லை. என் பெயரில் தனிக் கணக்கு, என் எஸ்எஸ்எச் டிஜிட்டல் சாவி, ரூட் வேலைகளை என் கணக்கிலிருந்தே செய்ய சுடோ அனுமதி, செய்வதெல்லாம் லாக் என்கிற பதிவேட்டில் பதிவு. எதை எதை நீக்கினால் நான் இனி உள்ளே வர முடியாது என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்ததும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

சரி, உள்ளூரில் யாரிடம் போவது? என்னைக் கேட்டால் முதலில் கல்லூரி நூலகம். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக எழுதி 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய கோஹா என்ற இலவச நூலக மென்பொருள், இன்று நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் ஓடுகிறது. பாடங்களை ஆன்லைனில் நடத்த மூடில் என்ற இன்னொரு இலவச மென்பொருள் ஓடுகிறது. கொரோனா ஊரடங்கின்போது அவசரமாக நிறுவி, அதோடு அப்டேட்டே பார்க்காத மூடில்களும் இருக்கின்றன. யாரோ ஒரு விரிவுரையாளரோ பழைய மாணவரோ ஆர்வத்தில் போட்டுக் கொடுத்திருப்பார். அவர் இப்போது துபாயில் இருப்பார். சர்வர் மட்டும் இங்கே இருக்கும்.

ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். புத்தகம் கொடுக்கிற கவுன்டரில் கோஹா திடீரென்று நின்றுவிட்டது. பிள்ளைகள் வரிசையில் நிற்க, நோட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றிருந்தது. பழைய லாகுகளை ஒதுக்கி இடம் பண்ணியதும் ஓடிவிட்டது. "எவ்வளவு சார் தரணும்?" என்று நூலகர் கேட்டார். "அது இருக்கட்டும் மேடம், பேக்கப் எடுக்கிறீங்களா?" என்றேன். "அது தினமும் தானாவே எடுக்குதே சார்."

அவர் சொன்னது உண்மை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதன் பேக்கேஜாக நிறுவினால் கோஹா தினமும் தானாகவே பேக்கப் எடுக்கும். ஆனால் நாம் எதையும் மாற்றாவிட்டால் அதை அதே மெஷினில்தான் வைக்கும், கடைசி ஓரிரு நாள் பிரதிகளை மட்டும்தான் வைத்திருக்கும். டிஸ்க் போனால் புத்தகப் பட்டியல், மாணவர் கணக்கு, பேக்கப் எல்லாம் சேர்ந்து போகும். இதை வாயால் விளக்கினால் யாருக்கும் உறைக்காது. அவர் அனுமதியோடு அந்தப் பேக்கப்பை என் லேப்டாப்பில் ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர்) ரீஸ்டோர் செய்து அவர் முன்னால் வைத்தேன். அவரே ஒரு தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பைத் தட்டினார். அடுக்கு எண்ணோடு வந்தது. "மொத்தமும் இதுக்குள்ள இருக்கா?" என்று மவுஸை வாங்கி இன்னும் நாலைந்து புத்தகம் தேடிப் பார்த்தார். காட்டி முடித்ததும் அவர் கண் முன்னாலேயே அந்தப் பிரதியை அழித்தேன். வருஷ ஒப்பந்தத்துக்காக முதல்வரிடம் போய்ப் பேசியவர் அவர்தான். அடுத்த கல்லூரிகளும் அவர் மூலமாகத்தான் வந்தன. நூலகர்கள் ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள், கருத்தரங்குகளில் பார்த்துக்கொள்வார்கள், யாரிடம் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கு ஈடாக எந்தத் தளத்திலும் எந்த நட்சத்திர மதிப்பீடும் கிடையாது.

இனி பணம். விலை பேசுகிற கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார்: "சாப்ட்வேரே ஃப்ரீதானே சார், அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் பணம்?" இதற்குச் சங்கடப்படாமல் பதில் சொல்ல வேண்டும். அதே கட்டடத்தில் லிஃப்டுக்கு ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறது, ஜெனரேட்டருக்கு இருக்கிறது, ஏசிக்கும் குடிநீர் மெஷினுக்கும்கூட இருக்கிறது. நாற்பது வருஷமாகச் சேர்த்த நூலகத்தின் முழு விவரமும் இருக்கிற பெட்டிக்கு மட்டும் இல்லை. கல்லூரி அலுவலகத்துக்கு ஏஎம்சி பழகின ஏற்பாடு, அதற்கென்று பட்ஜெட்டில் தலைப்பே இருக்கும். அதனால் கொட்டேஷனை அந்த வடிவத்திலேயே கொடுங்கள். மணிக்கணக்கில் விலை பேசாதீர்கள். மணிக்கணக்கு என்றால் நாம் வேகமாகச் செய்தால் நமக்கே நஷ்டம், எதுவும் கெடாத மாதத்தில் வருமானமே இல்லை. ஒரு இடத்துக்கு மாதம் ஐந்தாயிரம் என்று வைத்துக்கொண்டால்கூட, எட்டு இடம் சேர்ந்தால் நாற்பதாயிரம். எட்டு சர்வரை, ஒரே கட்டளையைப் பல சர்வர்களில் ஓட்டுகிற அன்சிபிள் போல ஒரு கருவியை வைத்து ஒருவர் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குகிற காசுக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? மாதம் ஒரு பக்க அறிக்கை கொடுங்கள், தமிழிலேயே. இந்த மாதம் என்ன அப்டேட் போட்டது, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பேக்கப்பை எந்தத் தேதியில் ரீஸ்டோர் செய்து சோதித்தது. அடுத்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்தப் பன்னிரண்டு தாள்கள் நமக்காகப் பேசும்.

கல்லூரியைத் தாண்டியும் வேலை இருக்கிறது, அதில் பாதி தேதி குறித்துக்கொண்டே வருகிறது. பல அலுவலகங்கள் போட்டிருந்த லினக்ஸ் பதிப்பான சென்ட்ஓஎஸ் 7 இன் ஆயுள் 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதிலேயே இன்னும் ஓடுகிற சர்வர்களை அதைப் போன்ற ஆல்மா லினக்ஸுக்கோ ராக்கி லினக்ஸுக்கோ மாற்ற ஆள் வேண்டும். இன்னொரு லினக்ஸ் பதிப்பான உபுண்டு 20.04 க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு நின்றது. வெப்சைட்டுகளுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிற பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று முன்பு மெயில் வரும், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்குகிற சான்றிதழ்களின் ஆயுளும் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளுக்கு வந்துவிடும். கையால் புதுப்பித்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு அலுவலகமும் அதற்குள் தானியங்கிக்கு மாறியே ஆக வேண்டும். ஒரே மெஷினில் பல வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுகிற மென்பொருளைத் தரும் விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கி, நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திய பிறகு அதே வேலையைச் செய்கிற பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற நினைக்கிற ஆலைகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. திருப்பூரிலும் கோவையிலும் கரூரிலும் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு மெயில் ஸ்பேமில் விழுந்தால் ஆர்டரே போகும். மெயில் உண்மையிலேயே அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றையும் சரியாக வைத்துக் கொடுத்தால் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள். இதுபோல வரப்போகிற தேதிகளையெல்லாம் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் முன்னால் போய்ச் சொல்கிறவருக்கு நிதானமாகப் பேசி விலை வாங்க நேரம் இருக்கும்.

பணம் வசூலிப்பதில் கூச்சம் வேண்டாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுநிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், செலவு கிடையாது. பதிவு இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை, பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே கணக்குப் பிரிவில் நம் பில் கொஞ்சம் மேலே ஏறிவிடும். பில் தொகையில் முன்கூட்டியே வரியாகப் பிடித்த டிடிஎஸ் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பெரும்பாலானவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நியாயமான கேள்வி மிச்சம் இருக்கிறது. எல்லா முதல்வர்களும் கேட்பது: "நீங்க ஒரே ஆளு. உடம்பு சரியில்லைன்னா?" தனியாளாக இருந்தால் இதற்குப் பதில் கிடையாது. அதனால்தான் ஆட்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பரப்புகிற கணியம், சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இவற்றின் சந்திப்புகளுக்குப் போனால் ஒருவர் எப்படி வேலை செய்வார், எப்படிப் பதில் சொல்வார் என்பது பழகப் பழகத் தெரியும். அப்படிப் பழகிய இன்னொரு ஃப்ரீலான்ஸரோடு நான் ஒப்பந்தம் வைத்திருக்கிறேன். என் இடங்களின் குறிப்புகள் அவரிடம், அவருடையவை என்னிடம். ஒருவர் ஊரில் இல்லையென்றால் மற்றவர் போவார், அந்த மாதத் தொகையில் பங்கு. கொட்டேஷனில் இரண்டு பேர் பெயரும் இருக்கும்.

இப்போது திருச்சி, தஞ்சாவூர் பக்கம் எங்களுக்கு ஆள் தேவைப்படுகிறது. டெபியன் நன்றாகத் தெரிந்து, கோஹாவோ மூடிலோ குறைந்தது ஓரிடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற யாராவது இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். நீங்கள் கடைசியாக எப்போது ஒரு பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.