மெட்ரோ தடுப்புகளை எடுத்த பிறகு அந்தச் சாலை யாருக்கு?

63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 118.9 கிலோமீட்டருக்குச் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் நடந்துவருகின்றன. அதற்காக ஆற்காடு சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஆண்டுக்கணக்கில் நின்ற தடுப்புகள் விலகும்போது, மீண்டும் கையில் கிடைக்கும் சாலைப் பரப்பை யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்பதே இந்த நகரின் காற்றைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன். வழக்கம்போல அது கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்குமே போய்ச் சேருமானால், மேலே ரயில் ஓடினாலும் கீழே நெரிசலும் புகையும் அப்படியேதான் இருக்கும்.

மின்சார வாகனங்கள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். தெருவில் புகை குறையும் என்பது உண்மை. ஆனால் அடையாற்றில் ஒருவர் இரவில் தம் காருக்கு ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு, எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் எரியும் நிலக்கரியிலிருந்து வருவது. அந்த அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் கலப்பதை எதிர்த்து அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். தென்சென்னையின் புகையை வடசென்னைக்கு இடம் மாற்றிவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தவிர, டயரும் பிரேக்கும் தேய்ந்து எழும் தூசியோ, ஒற்றை ஆளுக்காக ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடமோ மின்கலத்தால் குறைந்துவிடப் போவதில்லை.

அதே மின்சாரத்தில் ஐம்பது அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து போகுமானால் கணக்கே வேறு. 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டதை அதனால்தான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிப்பதைச் சமூகநலத் திட்டமாக மட்டுமே பேசுகிறோம். சுற்றுச்சூழல் நோக்கிலும் அதற்கு மதிப்பு உண்டு. ஆயினும், கோடிப் பேருக்கு மேல் புழங்கும் பெருநகரப் பகுதிக்கு மாநகரப் பேருந்துகள் மூவாயிரத்துச் சொச்சம்தான் இருக்கின்றன. எப்போது வரும் என்றே தெரியாத பேருந்துக்கு வெயிலில் காத்து நின்று சலித்தவர், தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடுகிறார். வாங்கிய பின் அவரைத் திரும்பப் பேருந்துக்கு அழைத்து வருவது மிகக் கடினம்.

ரயிலை மட்டும் கட்டிவிட்டால் போதாது என்பதற்கு 1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலே சான்று. பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை ஊன்றி நீரோட்டத்தைக் குறுக்கினார்கள். அந்த விலையைக் கொடுத்தும் நிலையங்களுக்கு ஒழுங்கான நடைபாதையோ, வாசலில் பேருந்தோ அமையவில்லை. பிரம்மாண்டமான அந்தக் கட்டடங்கள் பலவும் பயணிகளைவிட இருட்டுக்கே பெயர் பெற்றன. மாநகராட்சி 2014-இலேயே நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை வகுத்தது. பாண்டி பஜாரில் 2019-இல் அது கண்ணுக்குத் தெரிந்தது. மற்றப் பல தெருக்களில் நடைபாதை என்பது இன்றும் மின்மாற்றிக்கும் உணவகப் பலகைக்கும் நிறுத்தி வைத்த பைக்குகளுக்கும் உரிய இடம்தான்.

பேருந்துக்குத் தனித்தடம் என்றாலே டெல்லியைக் காட்டுகிறார்கள். அங்கே 2008-இல் தொடங்கிய தடம், கார் வைத்திருப்போரின் எதிர்ப்புக்கு ஆளாகி 2016-இல் அகற்றப்பட்டது மெய்தான். ஆனால் 2009-இல் அகமதாபாத்தில் தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே! பழைய மகாபலிபுரம் சாலையின் ஆறுவழிப் பகுதியில் திசைக்கு ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்க அகலம் இருக்கிறது. ஆற்காடு சாலையில் அந்த அளவு இடமில்லை. அங்கே தொடர்ச்சியான நடைபாதையும், நிலையப் படிக்கட்டை ஒட்டிய பேருந்து நிறுத்தமும், சாலையோரத்தில் நிறுத்தும் வண்டிகளுக்குக் கட்டணமும் வேண்டும். அந்தக் கட்டணத்தைப் பேருந்துகளுக்கே செலவிடலாம்.

தார் போட்டு முடித்த பிறகு நடைபாதைக்கு மனுக் கொடுத்துப் பயனில்லை. சாலையை மறுபடி அமைப்பதற்கான வரைபடங்களை முன்கூட்டியே வெளியிடும்படி அந்தந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கங்கள் மெட்ரோ நிறுவனத்தையும் நெடுஞ்சாலைத் துறையையும் மாநகராட்சியையும் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.