ஃபோகஸையும் நாமேதான் சரிசெய்துகொள்ள வேண்டுமாம்!

கண்ணுக்குக் குறிவைத்தால் காதில் போய் நிற்கிறது ஃபோகஸ். எப்போதாவது ஒருமுறை என்றால் கை ஆடிவிட்டது என்று விட்டுவிடலாம். எப்போதும் அதே காதுதான்! ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.4 என்று அகலமாகத் திறந்து வைத்து 1.5 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழமே சுமார் 2.5 செ.மீ.தான். கொஞ்சம் பின்னால் போனால் போதும், இமை மங்கிவிடும், காதோர முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதை எண்ணவா இவ்வளவு காசு கொடுத்து வாங்கினேன்?

சர்வீஸுக்குக் கொடுத்தால், "எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். லென்ஸ் அளவுக்குள் இருக்கிறதாம், பாடியும், அதாவது லென்ஸைக் கழற்றிய கேமராவும், அளவுக்குள் இருக்கிறதாம். இரண்டையும் மாட்டினால் படம் மட்டும் ஊர் சுற்றுகிறது. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. என்னுடையதைப் போல உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் எடுக்கும் சென்சார் வேறு. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி ஒளியைக் கீழே திருப்பிவிடுகிறது. அந்தப் பாதையும் படச் சென்சாருக்குப் போகும் பாதையும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். லென்ஸின் பிசகும் பாடியின் பிசகும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் மாட்டுவது நாம்தான்.

இதற்குக் கேமரா கம்பெனிகள் கண்ட வழி, மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஃபைன் ட்யூன், அதாவது ஃபோகஸை முன்னாலோ பின்னாலோ கொஞ்சம் நகர்த்தும் வசதி. பெரும்பாலான பாடிகளில் மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை ஒரு எண். ட்ரைபாடைப் போடு, படம் எடு, பெரிதாக்கிப் பார், எண்ணை மாற்று, ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி எடு. ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று பார்க்க அளவுகோலைச் சாய்த்து வைத்து, அதன் மேலேயே ஃபோகஸ் செய்தால் அதுவும் வீண். வியூஃபைண்டரில் தெரியும் சின்னக் கட்டத்தைவிட ஃபோகஸ் புள்ளி பெரியது. எந்தக் கோட்டைப் பிடித்தது என்று யாருக்குத் தெரியும்? நேராக நிற்கும் ஓர் அட்டையில் ஃபோகஸ் செய்து, பக்கத்தில் சாய்த்த அளவுகோலில் பார்க்க வேண்டும். அப்புறமும் ஒரே எண்ணில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஒன்றுபோல் இருக்காது.

சரி, எப்படியோ ஓர் எண் கிடைத்துவிட்டது. கிட்டத்தில் சரியாக இருப்பது தூரத்தில் தப்பும். பகல் வெளிச்சத்தில் சரியாக இருப்பது மஞ்சள் பல்பின் கீழே நழுவும். ஜூம் லென்ஸாக இருந்தால் கேட்கவே வேண்டாம்: சில பாடிகளில் இரண்டு முனைக்கும் ஆளுக்கொரு எண், மற்றதில் மொத்தத்துக்கும் ஒன்றுதான். லென்ஸ் கம்பெனியான சிக்மா, தன் லென்ஸைக் கம்ப்யூட்டரில் மாட்டிச் சரிசெய்ய விற்கும் யு.எஸ்.பி. டாக்கை வாங்கினால் ஜூமுக்கு 16 கட்டங்கள்! அந்த 16-ஐயும் உட்கார்ந்து நிரப்ப வேண்டியது லென்ஸை வாங்கியவன். டாக்குக்குத் தனிக் காசு வேறு.

"கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிடு, தொல்லையே இல்லை" என்கிறார்கள். படச் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் அதில் இந்தப் பிரச்சினை இல்லைதான். ஆனால் என் பழைய பாடியிலேயே லைவ் வியூவைப் போட்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படச் சென்சார் வழியாகவே ஃபோகஸ் செய்தால் இதே லென்ஸ் இமையை அப்படியே பிடிக்கிறதே! லைவ் வியூ ஃபோகஸையும் வழக்கமான ஃபோகஸையும் ஒப்பிட்டு எண்ணைத் தானே கண்டுபிடிக்கக் கேமராவுக்கு என்ன கேடு? முடியாததா? 2016-இல் வந்த நிக்கான் டி5-ம் டி500-ம் அதைத்தான் செய்கின்றன. கையால் எண் போடும் வசதியை டி3, டி300 காலத்தில், 2007-இலேயே கொடுத்துவிட்டார்கள். கேமராவே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலையை அத்தனை வருடம் நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். எண்ணைத் தானே கண்டுபிடிக்கும் அந்த வசதியும் எல்லா பாடியிலும் கிடையாது. என்னுடையதில் இல்லவே இல்லை.