மேலேரி வரைக்கும் நடந்து பார்த்தீர்களா?

ஏரியைத் தூர்வாரி முடித்துவிட்டுக் இளைஞர்கள் கரைமேல் நின்று எடுத்த படங்கள் கோடை வந்தால் நிறைய வருகின்றன. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை மனதார மதிக்கிறேன். நானும் அப்படி ஒரு கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டவன்தான். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டினோம். இருபது நாள் பொக்லைன் ஓடியது. ஏரியின் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் பரப்பில்) மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம். கரையை உயர்த்தினோம். மதகுக்கு முன்னால் நன்றாக ஆழப்படுத்தச் சொல்லி நாங்களே நின்று வேலை வாங்கினோம். ஐப்பசியில் நல்ல மழை. அக்கம்பக்கத்து ஏரிகள் நிரம்பின. எங்கள் ஏரியில் முழங்கால் தண்ணீர். அதுவும் நாங்கள் தோண்டிய பள்ளத்தில், மதகு வாசலுக்குக் கீழே போய் நின்றுகொண்டது. அந்தப் போகத்தில் ஒரு காணிக்குக்கூட மதகு வழியாகத் தண்ணீர் பாயவில்லை.

மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்குத் தெரியவில்லை. காலங்காலமாகப் படிந்து இறுகிய களிமண் அடுக்கை உடைத்துவிட்டால் ஏரி ஒழுகும் என்பதும் தெரியவில்லை. எத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்ற கணக்கு மட்டும் கையில் சரியாக இருந்தது.

அந்த ஊரில் ரொம்ப காலம் நீர்க்கட்டியாக, அதாவது மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவராக, இருந்த பெரியவர் ஒருவர் உண்டு. வேலை நடந்த நாளெல்லாம் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் அவருக்கு டீ கொடுத்தோமே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை ஓய்ந்த பிறகுதான் போய்க் கேட்டேன். “தம்பி, தண்ணி மேலேர்ந்துதானே வரணும். மேல போய்ப் பாத்தீங்களா?” என்றார்.

மறுநாள் விடியற்காலையில் அவரோடு, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மூன்று கிலோமீட்டர் இருக்கும். கால்வாய் முதலில் அகலமாக இருந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் வரப்பு தள்ளித் தள்ளி வந்து வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியது. ஒரு மனைப்பிரிவுக்குப் போட்ட சாலைக்கு அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய், அதன் வாயில் பாதிக்குமேல் தெர்மாகோலும் பாட்டில்களும். அதைத் தாண்டிப் போனால் எங்களுக்கு மேலே இருக்கும் ஊரின் ஏரி, மேலேரி. அது நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்தான் கலங்கல். அதன்மேல் இரண்டு அடுக்கு மணல் மூட்டை வைத்து இடுக்கில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பெரியவர் கைத்தடியால் அந்தப் பூச்சைத் தட்டிக் காட்டினார். “ஒரு முழம் ஒசத்திட்டாங்க.”

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆனால் மேலேரி ஊருக்குப் போய் உட்கார்ந்து பேசியபோது கதை வேறு மாதிரி விரிந்தது. அவர்கள் ஏரியும் மேடிட்டுப் போய், பழைய கொள்ளளவு இல்லை. அவர்களுக்கு மேலே இருக்கிற ஏரியிலிருந்து வரும் கால்வாயைப் புதிய சாலை ஒன்று வெட்டிவிட்டது. வருகிற கொஞ்சம் தண்ணீரையாவது பிடித்து வைத்தால்தான் கோடையில் கிணறு ஊறும். மீன் குத்தகை எடுத்தவருக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒரு அம்மா கேட்டார்: “உங்க ஊர்லேர்ந்து இத்தனை வருஷத்துல ஒருத்தராவது வந்து கேட்டிருக்கீங்களா?”

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனி ஏரிகள் கிடையாது. மேலேரியின் கலங்கலில் வழிவது கீழேரிக்கு வரத்து. அதன் வழிசல் அடுத்த ஏரிக்கு. இப்படிச் சங்கிலியாகப் போய்க் கடைசியில் ஆற்றிலோ கடலிலோ சேர்கிறது. மேலே ஒரு முழம் உயர்த்தினால் கீழே வறட்சி. மேலே கரை உடைந்தால் கீழே அடுத்தடுத்துக் கரை உடையும்.

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். சென்னையில் வெள்ளம் என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கம் என்று ஒரே பெயரைச் சொன்னோம். அங்கே திறந்த விதம் பற்றிய கேள்விகள் நியாயமானவை. ஆனால் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அது காரணமாக இருக்க முடியாது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேருவது அந்த ஊர்களைத் தாண்டி, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் வழிசல். எந்தத் தண்ணீர் எந்த வழியாக நம் வீட்டுக்கு வருகிறது என்பதே இத்தனை பெரிய நகரத்தில் நமக்குத் தெரியாமல் இருந்தது.

சரி, எல்லோரும் சேர்ந்து ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் எப்படிப் போனது? பேராசையால் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரையில் அது ஒரு சுழல். ஏரியில் தண்ணீர் நிச்சயமில்லை என்றானதும் வசதி உள்ளவர் கிணறு வெட்டி மோட்டார் போட்டார். 1990-க்குப் பிறகு விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். (அதை நான் குறை சொல்லமாட்டேன், அது இல்லாவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் எப்போதோ நிலத்தை விற்றிருக்கும்.) கிணறு வந்தவருக்கு மதகு திறக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏரியில் தண்ணீர் நின்றால் போதும், கிணறு ஊறும். கால்வாய் வெட்டும் நாளில் அவர் வருவதில்லை. அவர் வராததால் கால்வாய் தூர்ந்தது. கால்வாய் தூர்ந்ததால் ஏரிக்குத் தண்ணீர் குறைந்தது. அதனால் இன்னும் நாலு பேர் கிணறு வெட்டினார்கள். கிணறு வெட்டக் காசில்லாதவர்தான் கடைசிவரை மதகையே நம்பி நின்றார். இதில் யாரைக் குற்றவாளி என்று சொல்வது? ஒவ்வொருவரும் அவரவர் இடத்திலிருந்து நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அரசாங்கமும் துண்டு துண்டாகவே பார்க்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த்துறை. சாலைக்கு அடியில் குழாய் என்றால் இன்னொரு துறை. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. எங்கள் சங்கிலியில் இருக்கும் மூன்று ஏரிகளில் இரண்டு ஓர் அலுவலகத்தில், ஒன்று வேறு அலுவலகத்தில். மூன்றையும் ஒரே வரைபடத்தில் பார்த்த அதிகாரி ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

உடனே யாராவது உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கொண்டுவருவார்கள். பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலை போட்டு ஏரி வாரியம் தேர்ந்தெடுத்த ஊர், எங்களுக்குப் பக்கம்தான். பெருமையான விஷயம். ஆனால் அந்த ஓலையில் யார் பெயரெல்லாம் எழுத முடியும் என்பதற்கும் அதே கல்வெட்டு நிபந்தனை போடுகிறது. நிலம் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஊர்க்காரர்களே ஏரி, கால்வாயைப் பராமரிக்கும் குடிமராமத்தும் எல்லோரும் ஆசையாக ஓடிவந்து செய்த வேலை என்று நினைக்க வேண்டாம். 1858-லேயே அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2017-ல் தமிழக அரசு அந்தப் பெயரை மீண்டும் எடுத்துத் திட்டம் போட்டது. பெயர் திரும்பி வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்த இடங்களில் மேலூரையும் கீழூரையும் ஒன்றாக உட்காரவைக்கும் ஏற்பாடு எதுவும் வரவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது நீர்க்கட்டிகளின் நிலைமை. பல ஊர்களில் அவர்கள் தலித் மக்கள், சொந்த நிலம் இல்லாதவர்கள். அறுவடையில் களத்திலேயே நெல்லாகக் கூலி வாங்கியவர்கள். எந்த மடையை எத்தனை நாழிகை திறக்க வேண்டும், எந்த வயல் கடைசியாகக் காயும், எந்தக் கரையில் ஊற்று கசியும் என்று அத்தனையும் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. ஆனால் குழு அமைக்கும்போது நாற்காலி நிலம் உள்ளவருக்குத்தான். எங்கள் குழுவிலும் அந்தப் பெரியவர் பெயர் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவன் நான்.

இப்படி விடுபட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு கற்பதற்கு ஆய்வாளர்கள் சமூகக் கற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறுவேறு இடத்தில் நிற்பவர்கள் சேர்ந்து பார்த்து, சேர்ந்து புரிந்துகொண்டு, அதற்கேற்ப நடப்பை மாற்றிக்கொள்வது. பாலித் தீவில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அங்கே சுபக் என்ற விவசாயிகள் சங்கங்கள் மலையிலிருந்து வரும் தண்ணீரை நீர்க்கோயில்கள் மூலம் முறைவைத்துப் பகிர்ந்துவந்தன. 1970-களில் பசுமைப் புரட்சி வந்து, முறையெல்லாம் வேண்டாம், முடிந்தபோதெல்லாம் நடவு செய்யுங்கள் என்றது. கொஞ்ச காலத்தில் புகையான் பூச்சியும் எலியும் வயல்களைத் தின்றன. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர், ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து கணினியில் போட்டுப் பார்த்தார். பெரிய பரப்பில் எல்லோரும் ஒன்றாக நட்டு ஒன்றாகத் தரிசு போட்டால் பூச்சிக்குத் தங்க இடமில்லை. எல்லோரும் ஒரே நாளில் நட்டாலோ தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல விளைச்சல் தரும் இடத்தைக் கோயில் முறை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. மேல்வயல்காரர் கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் விட்டது வெறும் தருமத்துக்காக இல்லை. கீழே ஒத்து நடாவிட்டால் பூச்சி மேலே வரும்.

நம் பக்கத்தில் காவிரிக் குடும்பம் என்று ஒரு முயற்சி நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2002-ல் இரு மாநிலமும் கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் (எம்.ஐ.டி.எஸ்.) பேராசிரியர் எஸ். ஜனகராஜன் போன்றவர்களின் முயற்சியில் கர்நாடக விவசாயிகளும் தமிழக விவசாயிகளும் நேரில் உட்கார்ந்தார்கள். இவர்கள் அங்கே போனார்கள், அவர்கள் டெல்டாவுக்கு வந்து வயலில் இறங்கிப் பார்த்தார்கள். இரண்டு அரசுகளும் ஏற்கும் பங்கீடு அதிலிருந்து பிறக்கவில்லை என்பது உண்மை. கடைசியில் 2018-ல் உச்ச நீதிமன்றம்தான் கர்நாடகம் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று எண் சொன்னது. ஆனாலும் அந்தச் சந்திப்பை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். எண்ணைச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது, அடுத்தவர் வயலைப் போய்ப் பார்க்க விவசாயிதான் போக வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று ஊர்க்காரர்களும் சேர்ந்து இதுவரை மூன்று முறை கால்வாய் நெடுக நடந்திருக்கிறோம். முதல் தடவை பாதி வழியில் சண்டை. இரண்டாவது தடவை மேலூர் அம்மாக்கள் சிலர் வந்தார்கள். அப்போதுதான் பேச்சு சூடில்லாமல் நகர்ந்தது. போன வருடம் ஒரு ஒப்பந்தம் ஆனது. மேலேரி பாதி நிரம்பும்வரை மூட்டைகள் இருக்கும், அதற்குப் பிறகு மேல் அடுக்கை எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊர் ஆட்கள் போய் அவர்கள் வரத்துக்கால்வாயில் நான்கு நாள் வேலை செய்ய வேண்டும். மீன் குத்தகைக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சாலைக்கு அடியில் இருக்கும் குழாயும் அப்படியேதான் இருக்கிறது, மூன்று மனு கொடுத்தாகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு நாள் இரவு மேலூரிலிருந்து போன் வந்தது. “மூட்டையை எடுத்துட்டோம்ணா, தண்ணி வருது, பாத்துக்கோங்க.” டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். பெரியவருக்கு இப்போது நடக்க முடியவில்லை. பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கரைக்குக் கூட்டிவந்தேன். இருட்டில் தண்ணீர் வருகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டாவது மடைக்கு அண்டையில கரை பலவீனம் தம்பி, காலையில மண்ணு போடச் சொல்லு” என்றார்.