தௌலிப் பாறையில் இல்லாத கல்வெட்டு

போரில் வென்ற ஓர் அரசன் தன் வெற்றிக்காக வருந்திக் கல்லில் எழுதிவைத்த கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டதால், அசோகரின் மனமாற்றத்தை நாம் பெரிதாக யோசிக்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் புவனேசுவரத்துக்கு அருகிலுள்ள தௌலிக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அங்கே ஒரு யானையின் முன்பாதி மட்டும் பாறைக்குள்ளிருந்து புறப்பட்டு வருவதுபோல் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே வரிவரியாகப் பிராமி எழுத்து. பக்கத்தில் ஓடும் தயா ஆறு போரின்போது செந்நீராய் ஓடியது என்று அவ்வூர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் கலிங்கப் போருக்காக அசோகர் வருந்தும் அந்தப் புகழ்பெற்ற 13ஆம் பாறைக் கல்வெட்டு, கலிங்கத்தின் தௌலியிலும் இல்லை, ஜௌகடாவிலும் இல்லை. இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஷாபாஸ்கர்ஹியில் இருக்கிறது. இமயமலை அடிவாரத்துக் கால்சியில் இருக்கிறது. ஆந்திரத்தின் எர்ரகுடியில் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபோது கலிங்கத்தை வென்றதாகவும், ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு செல்லப்பட்டதாகவும், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும், அதைப்போலப் பல மடங்கினர் மடிந்ததாகவும் தன் வாயாலேயே கணக்குச் சொல்கிறார். தனக்கு ஒரு காயமும் படாமல் தப்பியவன்கூட நண்பனும் உறவினனும் படும் துன்பத்தால் புண்படுகிறான் என்கிறார். வெற்றிக் களிப்பில் இருப்பவனுக்கு இந்த வரி எளிதில் வராது.

இருந்தும் அதே கல்வெட்டில், காட்டில் வாழும் மக்களைப் பார்த்து, தான் வருந்தினாலும் தன்னிடம் வலிமை இருக்கிறது, கொல்லப்படாமல் இருக்க வேண்டுமானால் நடத்தையை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் எச்சரிக்கவும் செய்கிறார். பெயர்த்துச் செல்லப்பட்ட ஒன்றரை லட்சம் பேரைத் திருப்பி அனுப்புவதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. கலிங்க மக்களுக்கு நாடு திரும்பக் கிடைக்கவும் இல்லை.

கலிங்கத்தில் அவர் வெட்டிவைத்தது வேறு. ‘எல்லா மனிதரும் என் பிள்ளைகள்’ என்று சொல்லி, கலிங்கத்தின் தோசலி நகரிலிருந்த தம் அதிகாரிகளுக்கு, காரணமின்றி யாரையும் சிறையில் அடைக்கவோ வதைக்கவோ கூடாது என்று உத்தரவிடுகிறார். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் இவற்றோடு வேலை பார்க்காதீர்கள் என்கிறார். பூச நட்சத்திர நாள்தோறும் இதைப் படித்துக் கேட்கச் செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறார். தோற்றவர்களின் அன்றாட வாழ்வுக்கு மன்னிப்பு வாசகத்தைவிட இது பயன்பட்டிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், செய்த கொடுமையை ஊரெல்லாம் சொல்லி வருந்திவிட்டு, அதை அனுபவித்தவன் வீட்டு வாசலில் மட்டும் ‘நான் உனக்குத் தகப்பன்’ என்று நிற்பது கழுவாய் ஆகாது என்றே நினைக்கிறேன். கலவரம் வந்துவிடும் என்ற அச்சத்தில் மறைத்திருக்கலாம். அப்படியென்றால் அது அரசியல் சாமர்த்தியம். அதற்குப் போய்ப் பிராயச்சித்தம் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஓர் உறுத்தலும் உண்டு. ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் அதே கலிங்கத்தின் மீது சோழ மன்னன் முதற்குலோத்துங்கனின் படை போனது. தலைமை தாங்கியவன் கருணாகரத் தொண்டைமான். அந்த வெற்றிக்கு நம்மிடம் வருத்தக் கல்வெட்டு எதுவும் இல்லை, வெற்றியைப் பாடும் கலிங்கத்துப் பரணிதான் இருக்கிறது. அதில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் அடுகின்றன. ஆசிரியர் அந்தப் பகுதியை நடத்தியபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அது யாருடைய பிணங்களைப் போட்டுக் காய்ச்சிய கூழ் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை.