நாற்காலி மாதப் பணமா?

தம்பிக்குத் தசைச்சிதைவு நோய். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது; 1500-லிருந்து 2000 ரூபாய் ஆனது. அதோடு வருவாய்த்துறையின் மாதாந்தர ஓய்வூதியத்தையும் சேர்த்து வாங்க முடியாது. சரி, இரண்டும் மாதப் பணம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அலுவலகத்தில் சக்கர நாற்காலி கேட்டாலும் "ஏற்கெனவே பணம் வாங்குறீங்களே" என்கிறார்கள். நாற்காலி மாதப் பணமா? டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போவதற்கும் உதவித்தொகைக்கும் என்ன சம்பந்தம்? எது எதோடு சேரும், எது சேராது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டக்கூடாதா?

தக்கலையில் அவனைத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்றுகிறேன். அப்புறம் கவுண்டரில் அரை நிமிடத்தில் "கிடைக்காது". எந்த விதிப்படி என்று கேட்டால் பதிலே இல்லை. மழையில் நனைந்துகொண்டே திரும்பினோம். அவன் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.